கண்ணாடி டம்ளரில் வரைந்த பெயின்ட் ஏன் உரிகிறது, எப்படி நிற்க வைப்பது?

ஆறு கண்ணாடி டம்ளர்களில் அக்ரிலிக் பெயின்டால் பூ வரைந்து, மேலே வார்னிஷும் அடித்திருக்கிறீர்கள். இரண்டாவது தடவை கழுவும்போதே பூ முழுசாகத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது, வார்னிஷ் அடித்த இடம் வெளுத்துப்போனது என்கிறீர்கள். ஓவனில் வைத்தால் நிற்குமா என்பது உங்கள் கேள்வி. கூடவே, போகிற போக்கில் "இதில் குடிக்கலாம்தானே?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது கேள்விதான் முதலில் வர வேண்டியது. அலமாரியில் பார்வைக்கு வைக்கும் ஜாடிக்கு ஒரு முறை, தினமும் கழுவிக் குடிக்கும் டம்ளருக்கு வேறு முறை. எதற்கென்று தீர்மானிக்காமல் பெயின்ட் வாங்கினால், எவ்வளவு நன்றாக வரைந்தாலும் இப்படித்தான் முடியும்.

முதலில் அது ஏன் உரிந்தது என்று பார்ப்போம். காகிதமும் மரமும் மண்பானையும் பெயின்டைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பெயின்ட் உள்ளே இறங்கிக் காயும்போது தானாகப் பிடிப்பு வந்துவிடும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. அக்ரிலிக் பெயின்டில் இருக்கும் தண்ணீர் ஆவியானதும் மிஞ்சுவது மெல்லிய பிளாஸ்டிக் படலம்; அது கண்ணாடியின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கழுவும்போது ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் படலம் லேசாக ஊறி மென்மையாகும், நகம் பட்டால் எழும். நீங்கள் அடித்த வார்னிஷ் இதற்கு உதவாது. பலவீனம் பெயின்டுக்குக் கீழே இருக்கிறது, நீங்கள் பூசியதோ மேலே. சொல்லப்போனால், வார்னிஷால் படலம் தடித்து, ஒரே துண்டாக உரிவதற்கு வசதியாகிவிட்டது. வெளுத்ததற்குக் காரணம், தண்ணீர் கலந்த வகை வார்னிஷ் முழுசாக இறுகுவதற்குள் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

உரியும் விதத்தைப் பார்த்தே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம். முழுத் தோலாக வந்தால் பிடிப்பு இல்லை: ஒன்று கண்ணாடியில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது, அல்லது கண்ணாடிக்கான பெயின்டே இல்லை. சின்னச் சின்னச் செதிலாக உதிர்ந்தால் பூச்சு தடிமன் அதிகம். ஸ்பாஞ்சில் நிறம் ஒட்டினால் இன்னும் இறுகவில்லை. விரலால் தேய்த்தால் பொடியாக வந்தால், பெயின்டில் தண்ணீர் அதிகமாகக் கலந்து அதன் பசைத்தன்மையைக் கெடுத்திருக்கிறீர்கள்.

கடையில் "கண்ணாடி பெயின்ட்" என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்களில் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள், குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. ஒன்று, ஒளி ஊடுருவும் கறைக்கண்ணாடி பெயின்ட். தேவாலயங்களின் வண்ண ஜன்னல் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும், காற்றிலேயே காயும். பெரும்பாலும் கரைப்பான் கலந்தது, மூக்கில் ஏறும் வாடை இருக்கும். இது அலங்காரத்துக்கு மட்டும். ஈரத்துணியால் துடைக்கலாம், ஊறவைத்துக் கழுவக் கூடாது. இரண்டாவது, எனாமல் அக்ரிலிக். தண்ணீர் கலந்தது, மறைக்கும் நிறம், கண்ணாடியையும் பீங்கானையும் பிடிப்பதற்கென்றே செய்தது. மூன்றாவது, ஓவனில் சுட்டால் மட்டுமே இறுகும் வகை. பெபேயோ நிறுவனத்தின் வித்ரேயா 160 இந்த ரகம். பெயரிலேயே வெப்பநிலை இருக்கிறது: 24 மணி நேரம் காயவைத்து, 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம். அதே நிறுவனத்தின் போர்சலேன் 150-க்கு 150 டிகிரியில் 35 நிமிடம். நீங்கள் வைத்திருப்பது எந்த அக்ரிலிக் என்று எழுதவில்லை. ஆனால் புட்டியில் கண்ணாடி என்ற சொல்லோ சுடும் வெப்பநிலையோ இல்லாவிட்டால் அது காகிதத்துக்கும் துணிக்கும் ஆன சாதாரண ரகம். அதை ஓவனில் வைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் காயும், அவ்வளவுதான். கண்ணாடி பெயின்டாக மாறிவிடாது.

சரியான பெயின்ட் கிடைத்த பிறகு, வேலையில் பாதி சுத்தம் செய்வதில்தான். புது டம்ளர் பார்க்கப் பளிச்சென்று இருந்தாலும் ஸ்டிக்கர் பசையும், எடுத்து அடுக்கியவர்களின் கைரேகையும் அதில் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் போட்டு வெந்நீரில் கழுவி, நன்றாக அலசி, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். ஸ்டிக்கர் பசையைச் சமையல் எண்ணெய் தடவி எடுப்பது பழைய வழி; அப்படி எடுத்தால் திரவம் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும். பிறகு 70 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, வரையப்போகும் இடம் முழுவதையும் ஒரே திசையில் துடைத்துக் காயவிடுங்கள். ஆல்கஹால் இல்லையென்றால் வெள்ளை வினிகர். ஆனால் எண்ணெய்ப் பசையை எடுப்பதில் வினிகர் ஆல்கஹாலுக்குச் சமம் இல்லை, முன்னால் திரவம் போட்டு ஒழுங்காகக் கழுவியிருந்தால்தான் அது போதும். இதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. டம்ளரின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு விரித்துப் பிடித்துக்கொண்டால் வெளிப்புறத்தைத் தொடாமலே சுற்றலாம். சுத்தமா என்று பார்க்க எளிய வழி: வாயருகே கொண்டுபோய் ஊதுங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் சரி. எங்காவது திட்டாக, ரேகை வடிவில் மறைந்தால் அங்கே பசை இருக்கிறது. கை கிரீம் தடவிக்கொண்டு இந்த வேலையில் உட்கார வேண்டாம்.

வரைவதற்கு மாதிரிப் படத்தைக் காகிதத்தில் போட்டு டம்ளருக்குள் டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள டம்ளரில் காகிதம் சரியாக உட்காராது. மேலும் கீழும் ஒரு விரற்கடைக்கு ஒன்றாகக் கத்தரித்துவிட்டால் வளைந்து படியும். மென்மையான செயற்கை இழை பிரஷ் எடுங்கள், முரட்டு இழை கோடு கோடாக விடும். முதல் பூச்சு எப்போதுமே திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், வெளிச்சத்துக்குக் காட்டினால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், உடனே மறுபடி பிரஷ் ஓட்டுவார்கள். பாதி காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷோடு எழுந்து வந்துவிடும், அந்த இடம் கடைசிவரை சரியாகாது. விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு போட்டால் எல்லாம் மூடிக்கொள்ளும். மூன்றாவது பூச்சு பெரும்பாலும் வேண்டாம், தடிமன் கூடக்கூட உதிரும் வாய்ப்பும் கூடும். பெயின்ட் கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் அந்தப் பெயின்டுக்கென்றே விற்கும் மீடியம் என்ற திரவத்தைக் கலக்குங்கள். தண்ணீர் கலந்த பெயின்ட் கண்ணாடியில் இலைமேல் நீர் போல உருண்டு நிற்கும். புள்ளி வைக்கப் பிரஷ்ஷின் பின்முனை போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட்டால்தான் எல்லாம் ஒரே அளவாக வரும். தப்பாகிவிட்டால், ஈரமாக இருக்கும்போது ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட், காய்ந்த பிறகு பிளேடு. வரைகலையில் கண்ணாடி அளவுக்கு மன்னிக்கிற பரப்பு வேறு இல்லை. மாஸ்கிங் டேப் ஒட்டிப் பட்டை போட்டிருந்தால், கடைசிப் பூச்சு முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக மெதுவாக இழுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு இழுத்தால் படலமும் சேர்ந்து கிழியும்.

ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய தகடு) வைத்து அடிக்கிறவர்கள் ஸ்பாஞ்சைப் பெயின்டில் தொட்டதும் முதலில் காகிதத்தில் ஒற்றிக் கிட்டத்தட்ட உலர்ந்ததாக ஆக்கிக்கொள்ள வேண்டும். ஈரமாக ஒற்றினால் ஓரத்தின் அடியில் கசியும்.

கறைக்கண்ணாடி மாதிரி செய்ய ஆசை இருந்தால் முதலில் அவுட்லைனரால் (ட்யூபில் வரும், கோடு போடுவதற்கான கெட்டிப் பெயின்ட்) கோடு போட வேண்டும். ட்யூபின் முனையைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்க்காதீர்கள். மயிரிழை உயரத்தில் சாய்வாகப் பிடித்து, முதலில் அழுத்தத்தைக் கொடுத்து, வரும் இழையைக் கண்ணாடியில் கிடத்திக்கொண்டே போக வேண்டும். தொடங்குமுன் முனையைத் துடைக்காவிட்டால் முதல் புள்ளி குண்டாக விழும். கோடு நன்றாகக் காய்ந்ததும் உள்ளே நிறத்தை நிரப்பலாம். கோட்டில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் பக்கத்துக் கட்டத்துக்குள் நிறம் ஓடும். டம்ளர் வளைந்தது என்பதால் நிரப்பிய நிறம் சரிவில் வழிந்து ஒரு பக்கம் தடித்து நிற்கும். ஆகவே டம்ளரைப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் சுருட்டிய துணியால் அண்டைகொடுத்து, மேலே பார்க்கும் பகுதியை மட்டும் நிரப்பி, அது அசையாத அளவுக்குக் காய்ந்தபின் திருப்ப வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு நாள் பிடிக்கும். குமிழி வந்தால் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் குத்திவிடுங்கள்.

இனி ஓவன். கண்ணாடி வெடிப்பதற்குக் காரணம் சூடு அல்ல, சூட்டில் வரும் திடீர் வித்தியாசம். சாதாரண டம்ளர் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. ஆய்வகக் குடுவைகள் செய்யும் போரோசிலிகேட் கண்ணாடியைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக வெப்பத்தில் விரியும். ஒரு பக்கம் விரிந்து மறு பக்கம் விரியாமல் நின்றால் விரிசல். 160 டிகிரியில் கண்ணாடி உருகவோ வளையவோ செய்யாது, அந்தப் பயம் வேண்டாம். டம்ளரை அணைந்து குளிர்ந்திருக்கும் ஓவனில் வைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள். சொன்ன வெப்பநிலையை எட்டிய பிறகுதான் நிமிடக் கணக்கு தொடங்க வேண்டும். முடிந்ததும் அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல், உள்ளேயே முழுக்கக் குளிரவிடுங்கள். எட்டிப் பார்க்கும் ஆசையில் திறந்தால் கெட்டது. மைக்ரோவேவ் முறையில் இது நடக்காது. கம்பி சூடேறும் ஓடிஜி, அல்லது கன்வெக்ஷன் முறை உள்ள ஓவன் வேண்டும். சின்ன ஓடிஜியில் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அந்தப் பக்கம் வெள்ளை மஞ்சளாகும், சிவப்பு பழுப்பாகும். நடுத் தட்டில் வையுங்கள். முள் காட்டும் வெப்பமும் உள்ளே இருக்கும் வெப்பமும் பல ஓடிஜிகளில் ஒன்றாக இருப்பதில்லை, தனியாக ஒரு ஓவன் வெப்பமானி வைத்தால் நல்லது. அந்த 24 மணி நேரக் காயவைத்தலைச் சுருக்காதீர்கள். அடியில் ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகிப் படலத்தைக் கொப்புளமாகத் தூக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அதே நேரத்தில் ஓவனில் உணவு எதுவும் வேண்டாம். கீறலோ ஓரச் சில்லோ உள்ள டம்ளர், இரட்டைச் சுவர் கொண்டு மூடிய டம்ளர், ஒட்டுப்போட்ட கைப்பிடி உள்ளது, இவை எதையும் சுட வேண்டாம். கரைப்பான் கலந்த பெயின்டையும் நெயில் பாலிஷையும் ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: பல எனாமல் அக்ரிலிக் புட்டிகளில், சுடாவிட்டால் 21 நாள் காற்றில் இறுகவிட்டாலும் போதும் என்று போட்டிருக்கும். அது உண்மைதான், ஆனால் அந்த 21 நாளும் கழுவாமல் இருந்தால் மட்டுமே. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது வேறு, உள்வரை இறுகுவது வேறு. முதலாவது ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவதால்தான் ஏமாந்துபோகிறோம்.

குடிக்கலாமா என்ற கேள்விக்குச் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது இது: டம்ளரின் உள்பக்கத்தில் எதுவும் பூசக் கூடாது, வெளிப்பக்கத்திலும் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வெறுமையாக விட வேண்டும். அந்த 2 சென்டிமீட்டர் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல. அலங்கரித்த டம்ளர்களிலிருந்து ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று சோதிக்கும் தரமுறையில் உதடு படும் பகுதி என்று எடுத்துக்கொள்வது விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர். இந்த எல்லைக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், சுட்டு இறுகிய பெயின்ட் இருந்தால் குடிப்பதில் பிரச்சினை இல்லை. புட்டியில் நச்சற்றது என்று போட்டிருப்பதை வைத்து விளிம்புவரை வரையாதீர்கள். பயன்படுத்தும்போது கையில் பட்டாலோ வாடை பட்டாலோ கெடுதல் இல்லை என்பது ஒன்று. தினமும் உணவும் உதடும் படலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தனியாக, உணவுத் தொடர்புக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். தட்டுகளுக்கும் இதே விதி: அடிப்பக்கத்தில் வரைந்தால் படம் கண்ணாடி வழியே தெரியும், உணவு வெறும் கண்ணாடியைத் தொடும். அப்படி வரையும்போது வரிசை தலைகீழாகும். பூவின் மஞ்சள் மகரந்தத்தை முதலில், இதழை அடுத்து, பின்னணியைக் கடைசியில்.

கடையில் வாங்கும் பூப்போட்ட டம்ளர் வருஷக்கணக்கில் நிற்கிறதே என்றால், அதிலிருப்பது கண்ணாடித்தூள் கலந்த எனாமல். 550 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு, கண்ணாடியோடு கண்ணாடியாக உருக்கி ஒட்டியது. 160 டிகிரியில் வீட்டில் செய்வது அதற்கு ஈடாகாது. கையால் கழுவினால் சில வருஷம் நன்றாக இருக்கும் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு.

நிஜமாகவே அழியாதது வேண்டுமென்றால் பெயின்டை விட்டுவிட்டு எட்சிங் கிரீமுக்கு வாருங்கள். இது கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துப் பனி படர்ந்த மாதிரி ஆக்குவது, உரிய எதுவும் இல்லை. ஒட்டும் வினைல் ஸ்டென்சிலை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்தி, கிரீமைத் தடிமனாகப் பூசி, டப்பாவில் சொன்ன நிமிடம் விட்டு, வழித்தெடுத்துக் கழுவ வேண்டும். கழுவியதும் ஒன்றுமே விழவில்லை என்று தோன்றும், ஏனென்றால் ஈரத்தில் அந்தப் பனித்தன்மை மறைந்துவிடும். அவசரப்பட்டு ஸ்டென்சிலை உரித்துவிட்டு வருந்தாதீர்கள், துடைத்துக் காயவைத்துப் பாருங்கள். நேரத்தைக் கூட்டினாலும் ஆழம் பெரிதாக அதிகரிக்காது. அகலமான பரப்பு திட்டுத்திட்டாக விழும், அதனால் மெல்லிய எழுத்து, இலை, கோடு போன்றவற்றுக்கே இது பொருத்தம். ஆனால் இது விளையாட்டுப் பொருள் இல்லை. கிரீமில் இருப்பது அமோனியம் பைஃப்ளூரைடு போன்ற உப்புகள். தோலில் பட்டால் உடனே எரியாமல், சில மணி நேரம் கழித்து உள்ளே வலிக்கத் தொடங்கலாம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கவசம், காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிவையுங்கள். தோலில் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, வலி இல்லாவிட்டாலும் டப்பாவோடு மருத்துவரிடம் போக வேண்டும். பீங்கான் சிங்க்கில் வைத்து அலசினால் அதன் பளபளப்பையும் அரிக்கும், பிளாஸ்டிக் தொட்டி பயன்படுத்துங்கள்.

பேப்பர் நாப்கின் ஒட்டும் டீக்குபாஜ் ஜாடிக்கும் விளக்குக்கும் அழகு. நாப்கினில் இரண்டோ மூன்றோ அடுக்கு இருக்கும். படம் உள்ள மேல் அடுக்கை மட்டும் பிரித்தெடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே காற்று நின்று சுருங்கும். வெள்ளைப் பசை மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. நடுவில் தொடங்கி வெளியே தடவுங்கள். இன்க்ஜெட்டில் அச்சடித்த படம் பசையின் ஈரத்தில் கரையும், லேசர் அச்சு கரையாது. வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் தண்ணீரில் இளகும் என்பதால் மேலே வார்னிஷ் போட்டாலும் கழுவும் பாத்திரத்துக்கு இது ஆகாது. மெழுகுவத்தி வைப்பதானால் அலங்காரம் வெளிப்பக்கம் மட்டும், சுடர் கண்ணாடிச் சுவரைத் தொடாத அளவுக்கு அகலமான ஜாடி.

சந்தேகத்துக்குரியவை என்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. சாதாரண பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி ஓவனில் வைத்தால் நிற்கும் என்கிற வீடியோக்கள் நிறைய. ஆல்கஹால் மையாக இருந்தால் சில கழுவலில் மங்கிவிடும். எண்ணெய் பெயின்ட் மார்க்கர் அதைவிடத் தாங்கும், ஆனால் எவ்வளவு என்பது மார்க்கருக்கு மார்க்கர் மாறுகிறது. உதவாத டம்ளர் ஒன்றில் சோதிக்காமல் பரிசுப் பொருளில் போடாதீர்கள். தண்ணீரில் நெயில் பாலிஷைச் சொட்டி மார்பிள் மாதிரி எடுப்பது பூந்தொட்டிக்குச் சரி, டம்ளருக்கு வேண்டாம். கிளிட்டரை ரெசினில் பூசும் முறைக்கும் இதேதான்; ரெசின் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும்.

உங்கள் ஆறு டம்ளர்களுக்கு வருவோம். மிச்சமிருக்கும் பூக்களை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் நகத்திலேயே வந்துவிடும், ஓரத்தில் ஒட்டியிருப்பதற்கு பிளேடு. சுத்தம் செய்து, எனாமல் அக்ரிலிக்கோ சுடும் வகையோ வாங்கி, முதலில் ஒரே ஒரு டம்ளரில் போடுங்கள். சுட்டு ஆறிய மறுநாள், கண்ணில் படாத ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். பெயின்ட் தொழிற்சாலைகளில் பிடிப்பைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். கட்டங்கள் டேப்போடு வராவிட்டால் அந்த டம்ளரை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு மறுநாள் அதே சோதனையை இன்னொரு இடத்தில் செய்யுங்கள். அதிலும் நின்றால் மீதி ஐந்தைத் தொடங்கலாம். பயன்பாட்டுக்கு வந்தபின் மென்மையான ஸ்பாஞ்சால் கழுவுங்கள், கம்பி ஸ்க்ரப்பர் வேண்டாம், சிங்க்கில் மணிக்கணக்காக ஊறப்போட வேண்டாம். டிஷ்வாஷரில் போடலாம் என்று புட்டியில் இருந்தால் மேல் தட்டில் வைக்கலாம். ஆனால் அந்தச் சூடும் காரமும் பெயின்டின் ஆயுளைக் குறைக்கும் என்று தெரிந்தே வையுங்கள்.